ஆட்டம் ஒன்று, ஆடும் விதம் நாட்டுக்கொன்று



தோட்டத்து வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சுவாவானாலும் சரி, சிலியாவ், லுக்குட், ரந்தாவ் ஆனாலும் சரி, இரவு ஏழு மணிக்கு மேல் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் காதில் விழும்.

"டேய், சாப்பிட வாடா! எந்நேரமும் அந்தப் போனையே தட்டிக்கிட்டு!"

"இரும்மா, பிலிப்பைன்ஸ்காரன் ஆட்டத்தைப் பார்த்துக்கிட்டிருக்கேன். அவன் ஆடுறது வேற, இந்தோனேசியாக்காரன் ஆடுறது வேற."

"விரலால தட்டுற விளையாட்டில அதென்னடா நாட்டுக்கு நாடு வேற?"

மூலையில் அமர்ந்திருக்கும் சித்தப்பா தீர்ப்புச் சொல்வார்: "அதெல்லாம் அவனவன் ரத்தத்தில ஊறினது அண்ணி. நம்ம ஆளுங்களுக்கு வராது."

இவர்களில் யார் சொல்வது சரி? பையன் சொல்வதுதான் சரி. வீடியோ விளையாட்டிலும் நாட்டுக்கு நாடு ஆடும் விதம் வேறுபடுகிறது. ஆனால் சித்தப்பா சொல்லும் காரணம் பிழை. "நம்ம ஆளுங்களுக்கு வராது" என்பதோ பிள்ளைகளின் காதில் விழவே கூடாத சொல். ஏன் என்று பார்ப்போமா?

பெரியவர்களுக்குத் தெரிந்த கதை

முதலில் பெரியவர்களுக்குப் பழக்கமான ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1975-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கோலாலம்பூரில் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி நடந்தது. அரையிறுதியில் மலேசியாவும் இந்தியாவும் மோதின. ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருந்தபோது நாம் 2-1 என்று முன்னணியில் இருந்தோம். கடைசிக் கட்டத்தில் இந்தியா சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்றது. இறுதியாட்டத்தில் பாகிஸ்தானை 2-1 என்று வீழ்த்திக் கிண்ணத்தையும் கொண்டு போனது. நமக்கு நான்காம் இடம். அந்த அரையிறுதியை இன்றும் பெருமூச்சோடு சொல்லும் பெரியவர்கள் உண்டு.

இந்தியரும் பாகிஸ்தானியரும் ஆடிய விதம் என்ன? பந்தைக் கோலோடு ஒட்டி வைத்துக்கொண்டு, நெளிந்து வளைந்து, சிறு சிறு தட்டாகத் தட்டி முன்னேறுவது. ஐரோப்பியர் ஆடிய விதம் வேறு. நீளமாக அடி, வேகமாக ஓடு, இடத்தைப் பிடி என்பது அவர்கள் பாணி. "ஆசிய ஆட்டம் அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது" என்று அன்றைக்கும் சொன்னார்கள்.

அடுத்த ஆண்டே என்ன ஆயிற்று? 1976 மொன்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடினார்கள். ஓராண்டுக்கு முன் உலகக் கிண்ணம் வென்ற இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. நியூசிலாந்துக்குத் தங்கம். தரை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. என்றாலும், ஓராண்டில் மனிதர் ரத்தம் மாறுமா? மாறாது. தரைதான் மாறியது. புல்தரையில் பழகிய கைக்கு வழுவழுத் தரை புதிது.

இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், வீடியோ விளையாட்டுக் கதை முழுவதும் எளிதில் விளங்கிவிடும்.

வேலை போனவர்கள் திறந்த கடை

1997-இல் ஆசிய நாடுகளைப் பொருளாதார நெருக்கடி உலுக்கியது. நம் வெள்ளியின் மதிப்பு சரிந்தது நினைவிருக்கும். தென் கொரியாவிலும் ஏராளமானோர் வேலை இழந்தார்கள். அவர்களில் பலர் கையில் இருந்த காசைப் போட்டு, வரிசையாகக் கணினிகள் வைத்த கடைகளைத் திறந்தார்கள். அங்கே அதற்குப் 'பிசி பாங்' என்று பெயர். 'பாங்' என்றால் அறை. அதே காலத்தில் அரசாங்கம் அதிவேக இணைய வசதியை நாடெங்கும் பரப்பியது. 1998-இல் 'ஸ்டார்கிராஃப்ட்' என்ற அமெரிக்க விளையாட்டு வந்து சேர்ந்தது. தாதுப்பொருள் தோண்டி, கட்டடம் கட்டி, படை திரட்டி எதிரியை வெல்லும் ஆட்டம் அது.

மலிவான கட்டணம், வேகமான இணையம், பக்கத்து நாற்காலியில் எப்போதும் ஒரு போட்டியாள். சில ஆண்டுகளில் தொலைக்காட்சியில் இதற்கென்றே அலைவரிசை வந்தது. பெரிய நிறுவனங்கள் குழுக்களை அமைத்தன. ஆட்டக்காரர்கள் ஒரே வீட்டில் தங்கி, ஒரே சமையலை உண்டு, நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பயிற்சி செய்தார்கள்.

இதனால் உருவானதுதான் கொரியப் பாணி. எந்த விநாடியில் எந்தக் கட்டடம், எத்தனையாவது சிப்பாய்க்குப் பிறகு எந்த ஆயுதம் என்று எல்லாம் மனப்பாடம். சிறந்த ஆட்டக்காரரின் விரல்கள் நிமிடத்துக்கு 300 முறைக்கு மேல் இயங்கும். பார்ப்பவர், "இவர்கள் பிறவியிலேயே இப்படி" என்பார்கள். பால்வெட்டுப் பழகியவர்களைக் கேளுங்கள், சிரிப்பார்கள். கை வேகம் பிறவியில் வருவதா? விடிவதற்கு முன் எழுந்து, மரம் மரமாக வெட்டிப் பழகியதில் வருவது அல்லவா? பக்கத்து நிரையில் வெட்டுபவரின் கையைப் பார்த்துத்தானே புதியவரின் கையும் படியும்?

முகம் தெரியாத எதிராளி

ஜப்பானில் கதை வேறு. அங்கே காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்கள்தான் பள்ளிக்கூடம். 1991-இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்ற சண்டை விளையாட்டு வந்தபோது, அமெரிக்காவில் இருவர் ஒரே பெட்டியின் முன் தோளோடு தோள் உரசி நின்று ஆடினார்கள். ஜப்பானியக் கூடங்களிலோ இரண்டு பெட்டிகளை முதுகோடு முதுகாக வைத்து இணைத்தார்கள். எதிரே இருப்பவரின் முகம் தெரியாது, கை தெரியாது. திரையில் அசையும் உருவத்தை வைத்தே அவர் மனத்தைப் படிக்க வேண்டும். தோற்றால் எழுந்துவிட வேண்டும். மறுபடி ஆட இன்னொரு 100 யென் நாணயம். இப்படிப் பழகியவர் ஒவ்வோர் அசைவையும் அளந்து பார்க்கத்தானே கற்றுக்கொள்வார்!

2004-இல் அமெரிக்காவில் நடந்த 'ஈவோ' போட்டியில் ஜப்பானின் டைகோ உமெஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வோங்கும் மோதினார்கள். டைகோவின் ஆளுக்கு உயிர் ஒரு நூலிழை. இன்னோர் அடி பட்டால் முடிந்தது. வோங் சரமாரியாகத் தாக்கினார். வரிசையாக வந்த 15 அடிகளையும் ஒன்று விடாமல் உரிய நொடியில் தட்டிவிட்டு, டைகோ திருப்பித் தாக்கி அந்தச் சுற்றை வென்றார். கூடமே எழுந்து கத்தியது. இன்றும் அந்தக் காட்சியைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

லாகூரின் சின்னக் கடைகள்

இனி வருவதுதான் நம் தோட்டத்துப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய கதை.

'டெக்கன்' என்று ஒரு சண்டை விளையாட்டு உண்டு. பல்லாண்டுகளாகக் கொரியரும் ஜப்பானியருமே அதில் மன்னர்கள். 2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுக்குவோக்கா நகரில் பெரிய போட்டி. பாகிஸ்தானின் லாகூரிலிருந்து அர்ஸலான் ஆஷ் என்ற இளைஞர் வந்தார். விசா கிடைப்பதிலும் விமானப் பயணத்திலும் சிக்கலுக்கு மேல் சிக்கல். அலைந்து களைத்து வந்து சேர்ந்தவர், எல்லாரையும் வீழ்த்திப் பட்டம் வென்றார். தம் நாட்டில் தம்மைப் போலத் திறமையான ஆட்டக்காரர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

யார் நம்புவார்கள்? ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ போட்டியிலும், இறுதியாட்டத்தில் கொரியாவின் பெரும் ஆட்டக்காரரான 'நீ' என்பவரை வென்று பட்டம் பெற்றார். 2023, 2024 ஆண்டுகளிலும் அதே மேடையில் வென்றார். அவரைத் தொடர்ந்து மற்ற பாகிஸ்தானியரும் வெளிநாட்டுக் களங்களில் வெற்றி பெறத் தொடங்கினார்கள். அவர் சொன்னது உண்மையாயிற்று.

எங்கே கற்றார்கள்? லாகூரின் சின்னஞ்சிறு விளையாட்டுக் கடைகளில். வெளிநாட்டாரோடு ஆட நல்ல இணைய இணைப்பு இல்லை. வெளிநாடு போக வழியில்லை. ஆகவே தங்களுக்குள்ளேயே ஆடினார்கள். ஒருவர் கண்டுபிடித்த தந்திரத்தை மறுநாளே இன்னொருவர் முறியடித்துவிடுவார். வேறு வழியின்றிப் புதிதாக யோசிக்க வேண்டும். அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் அவர்களின் பாணி: அவசரப்படாமல் தற்காத்து நிற்பது, எதிராளி ஒரு சின்னப் பிழை செய்ததும் விடாமல் தண்டிப்பது. கொரியர் அதுவரை பார்த்திராத ஆட்டம் அது.

இல்லாமைதான் அவர்களை உயர்த்தியது என்று நான் சொல்ல வரவில்லை. விசா மறுக்கப்பட்டு வீட்டிலேயே தங்கிவிட்ட திறமைசாலிகள் எத்தனை பேரோ! நான் சொல்ல வருவது, கூடி ஆட ஓர் இடமும் விடாமல் சவால் விடும் நண்பர்களும் இருந்தால் ஒரு பாணியே பிறந்துவிடும் என்பதைத்தான்.

நம் நாட்டுப் பிள்ளைகளின் சாட்சி

ரத்தம்தான் காரணம் என்பார்க்கு நம் மலேசியாவே நல்ல பதில் வைத்திருக்கிறது.

'டோட்டா 2' என்பது ஐவருக்கு ஐவர் மோதும் விளையாட்டு. இரு தரப்புக்கும் ஒவ்வொரு கோட்டை. நடுவே மூன்று பாதைகளும் காடும். எதிரியை வீழ்த்திப் பொன் சேர்த்து, ஆயுதம் வாங்கி, எதிர்க் கோட்டையை இடிக்க வேண்டும். சீனர்களின் பாணி பொறுமை: நால்வர் காவல் நிற்க, ஒருவர் அமைதியாகப் பொன் சேர்த்துப் பலசாலியாவார், பிறகுதான் போர். நம் தென்கிழக்காசியப் பாணி இதற்கு நேர்மாறு. தொடக்கத்திலேயே சண்டைக்கு இழுப்பது. சைபர் கஃபேயில் மணிக்குக் காசு கட்டி, நண்பர்கள் சூழக் கத்திக்கொண்டு ஆடிய பிள்ளைகளுக்குக் காத்திருக்கப் பொறுமை ஏது! 2013-இல் உலகப் பட்டம் வென்ற சுவீடனின் 'அலையன்ஸ்' குழு இன்னொரு வகை. எதிராளி சண்டைக்குக் கூப்பிட்டால் இவர்கள் நழுவிப் போய், மறுபக்கத்தில் கோட்டைச் சுவரைக் குடைந்துகொண்டிருப்பார்கள். இரசிகர்கள் அதற்கு 'எலி ஆட்டம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இப்போது கேளுங்கள். 2012-இல் சீனாவின் 'இன்விக்டஸ் கேமிங்' குழு உலகப் பட்டம் வென்றபோது, அந்த ஐவரில் ஒருவர் மலேசியர், வோங் ஹோக் சுவான். 2013-இல் சாய் யீ ஃபுங் தலைமையில் மலேசியாவின் 'ஆரஞ்ச்' குழு உலகில் மூன்றாம் இடம் பெற்றது. பிறகு அவரும் சீனக் குழுவில் சேர்ந்து ஆடினார். 2016-இல் யெயிக் நாய் செங் ஐரோப்பியக் குழுவில் சேர்ந்தார். 2021-இல் உலக இறுதியாட்டத்தில் 3-2 என்று தோற்ற சீனக் குழுவிலும் ஒரு மலேசியர் இருந்தார், செங் ஜின் சியாங். 2023-இல் ஹாங்ஜோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இதே ஆட்டத்தில் மலேசியாவுக்கு வெண்கலம்.

"அவர்கள் சீனர்கள், ஆகவே சீனப் பாணி வந்தது" என்று சித்தப்பா சொல்லக்கூடும். அப்படியானால் நாய் செங்குக்கு ஐரோப்பியப் பாணி எப்படி வந்தது? இங்கே சைபர் கஃபேயில் சண்டைக்கோழியாய் ஆடியவர்களும் அங்கே போனதும் எப்படிப் பொறுமை கற்றார்கள்? சேர்ந்த இடமும் உடன் ஆடியவர்களும்தான் காரணம்.

பையன் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம்

நம் வீட்டுப் பிள்ளைகள் ஆடுவது பெரும்பாலும் 'மொபைல் லெஜண்ட்ஸ்'. 2016-இல் வந்தது. டோட்டா போன்றதே, ஆனால் கைப்பேசியில் ஆடலாம். விலையுயர்ந்த கணினி வேண்டாம். ஆகவே தோட்டத்துப் பிள்ளைக்கும் பட்டணத்துப் பிள்ளைக்கும் இங்கே ஏறத்தாழ ஒரே களம்.

அதன் முதல் உலகப் போட்டி 2019 நவம்பரில் கோலாலம்பூரில் நடந்தது. இறுதிக்கு வந்த இரண்டு குழுவும் இந்தோனேசியக் குழுக்களே. தொடக்கத்திலேயே பாய்ந்து தாக்கி, எதிராளிக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காத ஆட்டத்துக்குப் பெயர் பெற்றவர்கள் அவர்கள். அடுத்து வந்த ஐந்து உலகப் பட்டங்களையும் தொடர்ந்து பிலிப்பைன்ஸ் வென்றது! 2021 டிசம்பரில் சிங்கப்பூரில் வென்ற 'பிளாக்லிஸ்ட்' குழுவின் முறை வேறானது. காயம் ஆற்றும் வீரர் ஒருவரை நடுவில் வைத்து, ஐவரும் பிரியாமல் ஒரே கூட்டமாக நகர்வார்கள். ஒருவர் அடிபட்டால் மற்றவர் தாங்குவார்கள். எதிராளி களைத்துப் போகும் வரை ஆட்டத்தை நீட்டுவார்கள். பையன் தன் அம்மாவிடம் சொன்ன "வேற" என்பது இதுதான்.

2024 ஜூலையில் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் நடந்த அனைத்துலகக் கிண்ணப் போட்டியில் நம் 'சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ்' குழு, அப்போதைய உலக வெற்றியாளரான பிலிப்பைன்ஸ் குழுவை 4-3 என்று வென்றது. அந்தக் கிண்ணம் மலேசியாவுக்கு வந்தது அதுவே முதல் முறை. நம் குழுவுக்குப் பயிற்சி அளித்தவர் யார் தெரியுமா? ஒரு பிலிப்பைன்ஸ்காரர்! ஆட்டம் ரத்தத்தில் இருந்தால் பயிற்றுநரால் அதை இன்னொரு நாட்டாருக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா?

நமக்கு என்ன பாடம்?

ஆக, ஆடும் விதத்தை உண்டாக்குபவை மூன்று: ஆடும் இடம், உடன் ஆடும் கூட்டாளி, கற்றுத்தரும் ஆசான். இம்மூன்றும் மாறினால் ஆட்டமும் மாறும்.

நம் பிள்ளைகளுக்கு இம்மூன்றும் எப்படி இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இடம், நள்ளிரவில் இருட்டறையின் மூலை. கூட்டாளி, முகம் தெரியாத யாரோ. ஆசான் யாருமில்லை. அந்தப் பள்ளியில் பிள்ளை எதைக் கற்கும்? தோற்றால் கூட்டாளியைத் திட்டவும், கெட்ட வார்த்தை பேசவும், பாதியில் ஆட்டத்தை விட்டு ஓடவும் கற்கும். அதுவும் ஒரு பாணிதான். அதைப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுங்க இப்படித்தான்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். தோட்டத்துப் பிள்ளை என்றாலே இவ்வளவுதான் என்று பள்ளியில் கேட்டு, பட்டணத்தில் கேட்டு, வீட்டிலும் கேட்டால் அவன் எங்கே போவான்?

முன்பு தோட்டந்தோறும் ஒரு திடல் இருந்தது. மாலையில் பந்து உருளும். ஓரத்தில் நிற்கும் பெரியவர், "பந்தை விடுடா, பக்கத்தில ஆள் நிக்குது பார்!" என்பார். அந்த ஒரு குரல்தான் ஆசான். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிக்கும் போன பின் அந்தத் திடலும் குரலும் போயின. பிள்ளை கைக்குக் கைப்பேசி மட்டும் வந்தது.

ஆகவே பெற்றோரே, ஆட்டத்துக்கும் ஒரு திடல் செய்து கொடுங்கள். பாலர் பள்ளி மண்டபமோ, கோயில் மண்டபமோ, சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் போதும். ஐந்து பிள்ளைகள் சேர்ந்து அமரட்டும். பெண்பிள்ளைகளும் வரட்டும். தோற்ற பிறகு, "ஏன் தோற்றோம்?" என்று அவர்களே பேசட்டும். மூத்த அண்ணன் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

நேரத்துக்கு வேலி அவசியம். ஆட்டத்தில் கொடிகட்டிப் பறக்கும் கொரியாவே 2011 முதல் 2021 வரை, 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணையத்தில் விளையாடக் கூடாது என்று சட்டம் வைத்திருந்தது. பிறகு அந்தப் பொறுப்பைக் குடும்பத்திடமே ஒப்படைத்தது. சீனாவில் 2021 முதல் 18 வயதுக்குட்பட்டோருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் மட்டும் இரவு 8 முதல் 9 வரை ஒரு மணி நேரம். உலகப் பட்டம் வென்ற நாடுகளே இவ்வளவு கண்டிப்பு என்றால் நாம் தூக்கத்தையும் பள்ளியையும் விட்டுக்கொடுக்கலாமா? பணம் கட்டிப் பணம் எடுக்கும் சூதாட்டத்தையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதன் பக்கமே பிள்ளையை விடாதீர்கள்.

இதை வைத்தே பிழைத்துக்கொள்ளலாம் என்ற கனவையும் அளந்து வையுங்கள். ஒரு குழுவில் ஐந்து நாற்காலிதான். அதற்கு ஆசைப்படுவோர் இலட்சக்கணக்கில். ஆனால் தோல்வியை அலசுவதும், கூட்டாளியைத் தாங்குவதும், பொறுத்திருந்து அடிப்பதும் ஆட்டத்தில் பழகினால் பிறகு வேலையிலும் வாழ்விலும் கைகொடுக்கும்.

அடுத்த முறை பையன், "அவன் ஆடுறது வேற" என்றால், "எப்படிடா வேற? எனக்கும் சொல்லு" என்று கேளுங்கள். சித்தப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.